அளவு தந்த பாரன்ஹீட்

சித்திரை பிறந்து வெயில் ஏறத் தொடங்கிவிட்டால், நம் ஊர்ச் செய்தித்தாள்களில் ஒரு செய்தி ஆண்டு தவறாமல் இடம்பெறும். வேலூரில் வெயில் சதமடித்தது. திருச்சியிலும் கரூரிலும் சதமடித்தது. தமிழகத்தில் இத்தனை இடங்களில் நூறு டிகிரியைத் தாண்டியது என்று எழுதுவார்கள். கிரிக்கெட் ஆட்டக்காரருக்குச் சூட்டும் மாலையை வெயிலுக்கும் சூட்டிப் பார்ப்பதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி. ஆனால் அந்த நூறு யாருடைய நூறு என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? வானிலைத் துறையார் சொல்லும் 45, 46 என்ற கணக்கு செல்சியஸ் என்பவர் பெயரால் வழங்குவது. நம் ஊர் வெயில் அடிக்கும் சதமோ டேனியல் கேப்ரியல் பாரன்ஹீட் என்பவருடையது. பிள்ளைக்கு ஜுரம் நூற்றிரண்டு என்று தாய் பதறுகிறாளே, அதுவும் அவருடைய கணக்குத்தான்.

நாள்தோறும் நாம் வாயால் எண்ணும் இந்த மனிதரைப் பற்றி நான் தேடிப் படித்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, டில்லி வெயில். 2024ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் நாள் ஆய்வகப் பணிக்காக விடுதியிலேயே தங்கியிருந்தேன். அன்று பிற்பகல், டில்லியின் ஓரத்திலுள்ள முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி பதிவாயிற்று என்ற செய்தி பரவியது. இந்திய நாட்டில் அதுவரை எங்கும் காணாத உச்சம் அது. மாலையில் ஊரிலிருந்து பாட்டி தொலைபேசியில் அழைத்தார். டில்லியில் ஐம்பத்திரண்டு என்று நான் சொன்னதும், நம் ஊரில் நூற்று நான்கு, நீ கொடுத்து வைத்தவன் என்று நிம்மதி அடைந்துவிட்டார். அவர் கணக்கில் அது நூற்று இருபத்தேழு என்று விளக்கிய பிறகு, உடனே ரயிலேறி வரச் சொன்னார். சில நாட்கள் சென்றன. வானிலைத் துறையார் அந்தக் கருவியைத் தரமான வேறொரு கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்து, அது 3 டிகிரி கூடுதலாகக் காட்டியிருக்கிறது என்று அறிவித்தனர். உச்சம் போயிற்று, வெயில் மட்டும் இருந்தது.

இரண்டாவது காரணம் என் சொந்தத் தவறு. அதே கோடையில் மூன்று வாரம் இரவும் பகலும் உட்கார்ந்து ஒரு பொருளின் வெப்பநிலையை அளந்து, பக்கம் பக்கமாகக் குறித்து வைத்திருந்தேன். அவற்றைப் பார்த்த பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இந்த வெப்பமானி பனிக்கட்டித் தண்ணீரில் என்ன காட்டுகிறது என்பதே அக்கேள்வி. நான் அதைச் சோதித்திருக்கவில்லை. சோதித்தபோது, பூச்சியம் காட்ட வேண்டிய இடத்தில் அது ஏறக்குறைய இரண்டு டிகிரி காட்டிற்று. மூன்று வார உழைப்பும் குப்பைக்குப் போயிற்று. அன்றிரவு நூலகத்தில் பாரன்ஹீட்டின் வரலாற்றை எடுத்தேன்.

டேனியல் பாரன்ஹீட் 1686ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள் டான்சிக் நகரில் பிறந்தவர். நம் நாட்டில் அக்கினி நட்சத்திரம் தகிக்கும் நாட்கள் அவை. ஆனால் அவர் பிறந்ததோ பால்டிக் கடற்கரையில். குளிர்காலத்தில் துறைமுகமே பனியில் உறையக்கூடிய ஊர். இன்று அந்நகரம் கிடான்ஸ்க் என்ற பெயரில் போலந்து நாட்டில் உள்ளது. பாரன்ஹீட் குடும்பத்தார் ஜெர்மன் மொழி பேசிய செல்வமுள்ள வணிகர்கள். ஐந்து குழந்தைகளில் டேனியலே மூத்தவன். ஒழுங்காகப் படித்து, தந்தையின் கடையில் அமர்ந்து, நகரத்துப் பெரிய மனிதர்களுள் ஒருவனாக அவன் ஆகியிருக்க வேண்டும்.

1701ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அந்த வாழ்வு ஒரே நாளில் சிதைந்தது. நச்சுக் காளானை உண்டு தாயும் தந்தையும் ஒருங்கே மாண்டனர். அப்போது டேனியலுக்கு வயது 15. பிள்ளைகளுக்குப் பாதுகாவலர்களாக அமர்ந்தவர்கள், இளையவர்களை வெவ்வேறு குடும்பங்களில் ஒப்படைத்துவிட்டு, மூத்தவனைத் தொழில் பழகுவதற்காக ஆம்ஸ்டர்டாமில் ஒரு வணிகரிடம் அனுப்பினர். நான்கு ஆண்டுகள் அங்கே கணக்கெழுதக் கற்க வேண்டும் என்பது ஏற்பாடு.

அக்காலத்து ஆம்ஸ்டர்டாம் உலக வாணிகத்தின் நடுநாயகமாக விளங்கிய நகரம். மிளகும் துணியும் மட்டுமல்ல. நுண்ணோக்கி, தொலைநோக்கி, கடிகாரம், காற்றழுத்தமானி ஆகியவையும் அங்கே செய்து விற்கப்பட்டன. கணக்கெழுத வந்த பையனின் கண்கள் கணக்கேட்டை விட்டுக் கண்ணாடிக் குழாய்களின் மேல் சென்றன. வணிகத்தை உதறிவிட்டுக் கருவி செய்யும் தொழிலில் இறங்கத் துணிந்தான். அதற்குப் பணம் வேண்டும். தனக்கு வரவேண்டிய சொத்தை நம்பிக் கடன் வாங்கினான். அந்தச் சொத்தோ அவன் கைக்கு எட்டாமல் பாதுகாவலர் வசம் இருந்தது. கடன் பெருகிற்று. பாதுகாவலர்கள் சினங்கொண்டு, அவனைக் கைது செய்து டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பலில் ஏற்றிக் கீழ்த்திசைக்கு அனுப்பிவிட 1707ஆம் ஆண்டில் அதிகாரிகளிடம் ஆணை பெற்றனர்.

இவ்விடத்தில் என் மனம் சற்று நின்றது. அக்காலத்தில் அந்தக் கம்பெனிக்குச் சோழமண்டலக் கரையில் தலைமை நிலையமாக இருந்தது நம் நாகப்பட்டினம். பாரன்ஹீட் பிடிபட்டிருந்தால், யார் கண்டார், நாகப்பட்டினத்து வெயிலில் மூட்டைகளை எண்ணிக் கொண்டு ஒரு கம்பெனிச் சிப்பந்தியாக அவர் வாழ்க்கை முடிந்திருக்கலாம். அவர் பிடிபடவில்லை. ஊர் ஊராகத் திரிந்தார். ஜெர்மனி, டென்மார்க், சுவீடன் என்று அலைந்தார். 24 வயது நிறைந்து சட்டப்படி மேஜரான பின்னரே அவர் தலைக்கு மேல் தொங்கிய கத்தி நீங்கிற்று. வீடில்லாமல், பெற்றோரில்லாமல், கையில் காசுமில்லாமல் திரிந்த அந்த ஆண்டுகளே அவருக்குப் பல்கலைக்கழகமாயின. எந்த ஊரில் கண்ணாடி ஊதுபவர் இருந்தாலும், எந்த ஊரில் விஞ்ஞானி இருந்தாலும் தேடிச் சென்று பார்த்தார்.

அன்று வெப்பமானி இல்லாமல் இல்லை. கலிலியோ காலத்திலேயே அதன் முன்னோடி தோன்றிவிட்டது. பிளாரன்ஸ் நகரத்து அறிஞர்கள் சாராயத்தைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து அழகான வெப்பமானிகளைச் செய்திருந்தனர். குறை எங்கே என்றால், ஒவ்வொரு கருவியும் தனக்கென ஒரு மொழி பேசிற்று. ஒருவர் தம் ஊரின் கடுங்குளிர் நாளை அடிக்கோடாகக் கொள்வார். இன்னொருவர் நிலவறையின் குளிர்ச்சியைக் கொள்வார். மற்றொருவர் வெண்ணெய் உருகும் சூட்டைக் கொள்வார். பாரிசில் ஒருவர் 40 என்று குறித்ததும் லண்டனில் ஒருவர் 40 என்று குறித்ததும் ஒரே வெப்பமா என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. வெயிலும் குளிரும் ஆண்டுதோறும் வந்து போயின. இந்த ஆண்டு வெயில் சென்ற ஆண்டினும் கொடிதா என்ற சாதாரணக் கேள்விக்குக்கூட முதியவர்களின் நினைவைத்தான் சாட்சிக்கு அழைக்க வேண்டியிருந்தது.

1708ஆம் ஆண்டில் பாரன்ஹீட் கோபன்ஹேகன் நகருக்குச் சென்றார். அங்கே ஓலே ரோமர் என்ற பேரறிஞர் இருந்தார். வியாழனின் துணைக்கோள் மறைந்து தோன்றும் நேரத்தைக் கொண்டு ஒளிக்கும் வேகம் உண்டு என்று 1676இல் உலகுக்குக் காட்டியவர் அவரே. அந்நகரின் மேயராகவும் அவர் பணியாற்றினார். பாரன்ஹீட் ஒரு காலைப்பொழுதில் அவரைக் காணச் சென்றபோது, ரோமர் வெப்பமானிகளை நீரில் நிறுத்தி அளவு குறித்துக் கொண்டிருந்தார். பல ஆண்டுகள் கழித்து ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் பாரன்ஹீட் இதை நினைவு கூர்ந்திருக்கிறார். ரோமர் ஏதோ ஒரு குளிர் நாளை நம்பவில்லை. உருகும் பனிக்கட்டி ஒரு குறி. உடற்சூடு ஒரு குறி. இவ்விரண்டுக்கும் இடையே சமமாகப் பிரித்தார். அவர் கணக்கில் பனிக்கட்டி ஏழரை, உடற்சூடு இருபத்திரண்டரை. இளைஞர் பாரன்ஹீட்டுக்கு வேண்டிய திறவுகோல் அங்கே கிடைத்தது. அளவு என்பது செய்பவர் விருப்பமாக இருக்கலாகாது. எந்த ஊரிலும் எவரும் மீண்டும் உண்டாக்கக்கூடிய நிலையான புள்ளிகளில் அது ஊன்றி நிற்க வேண்டும்.

அரையும் காலும் கணக்குக்கு இடைஞ்சல். ஆகவே அவர் ரோமரின் ஒவ்வொரு டிகிரியையும் நான்காகப் பிரித்தார். ஏழரை முப்பதாயிற்று, இருபத்திரண்டரை தொண்ணூறாயிற்று. பின்னர் அவற்றையும் 32 என்றும் 96 என்றும் மாற்றிக் கொண்டார். இந்த 32 நம் பள்ளிப் பருவத்தில் நம்மை எவ்வளவு வாட்டியது! அதற்கு ஒரு கைவினைக் காரணம் சொல்லுவார்கள். இரண்டுக்கும் இடையே உள்ளது 64. குழாயின் மேல் அந்த இடைவெளியைப் பாதியாக்கி, பாதியைப் பாதியாக்கி, இப்படி ஆறு முறை செய்தால் 64 சம பாகங்கள் வந்துவிடும். கவராயத்தைப் பிடித்துக் கோடு கீறுகிறவருக்கு இதைவிட வசதி வேறில்லை.

பூச்சியம் எங்கிருந்து வந்தது? இதைப் பற்றி ஒரு கதை வழிவழியாக வழங்குகிறது. 1709ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஐரோப்பா முழுவதையும் ஒரு கொடுங்குளிர் தாக்கியது. பால்டிக் கடல் உறைந்தது. வெனிஸ் நகரத்துக் காயலும் உறைந்தது. பிரான்சு நாட்டில் பயிர் பட்டுப்போய்ப் பஞ்சத்தில் மக்கள் மாண்டனர். அந்தக் குளிர்காலத்தில் டான்சிக் கண்ட தாழ்ந்த அளவையே பாரன்ஹீட் பூச்சியமாக வைத்தார் என்பது கதை. கதை அழகாகவே இருக்கிறது. அவருடைய பூச்சியமே ஓர் ஊரின் குளிர் உச்சம் என்று ஆகிவிடுகிறது அல்லவா? ஆனால் 1724இல் அவரே எழுதி வெளியிட்ட கட்டுரையில், பனிக்கட்டி, நீர், நவச்சாரம் ஆகிய மூன்றையும் கலந்தால் கிடைக்கும் கடுங்குளிரே பூச்சியம் என்று கூறியிருக்கிறார். டான்சிக்கின் அந்தக் குளிர்காலம் மீண்டும் வராது. நவச்சாரமும் பனிக்கட்டியும் எந்த ஊரிலும் கிடைக்கும். ரோமரிடம் கற்ற பாடத்தை அவர் மறக்கவில்லை என்பது இதனால் விளங்கும்.

அவர் வாழ்வில் எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி 1714இல் நடந்தது. ஜெர்மனியில் ஹாலே பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் வுல்ஃப் என்ற புகழ்பெற்ற பேராசிரியர் இருந்தார். அவரிடம் பாரன்ஹீட் இரண்டு சாராய வெப்பமானிகளைக் கொடுத்தார். பேராசிரியர் அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தார். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டின. காலையில் பார்த்தாலும் ஒன்றே. மாலையில் பார்த்தாலும் ஒன்றே. இது அவருக்கு ஓர் அற்புதமாகவே பட்டது. இதைப் பற்றி லைப்சிக் நகரிலிருந்து வெளிவந்த அறிஞர் ஏட்டில் ஒரு கட்டுரையே எழுதினார். இரண்டு வெப்பமானிகள் ஒரே எண்ணைக் காட்டுவது ஒரு பேராசிரியர் கட்டுரை எழுதும் அளவுக்கு அதிசயமாக இருந்த காலம் அது! கடையில் வாங்கும் வெப்பமானியைப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் நம்பிய எனக்கு இதைப் படித்தபோது வெட்கமாக இருந்தது.

அடுத்து அவர் பாதரசத்தை எடுத்துக் கொண்டார். அதை வெப்பமானியில் பயன்படுத்த முன்பே சிலர் முயன்றதுண்டு. அழுக்குள்ள பாதரசம் கண்ணாடியில் ஒட்டித் திட்டுத் திட்டாக நின்றுவிடும். அதைச் சுத்தம் செய்யும் வழியைப் பாரன்ஹீட் கண்டறிந்தார். குமிழை உருண்டையாக ஊதுவதற்குப் பதில் உருளை வடிவில் அமைத்தார். அதனால் சூடு விரைவில் உள்ளே பரவிற்று. சாராயம் 78 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும். பாதரசமோ பூச்சியத்துக்குக் கீழே 39 வரை உறையாமலும், மேலே 357 வரை கொதிக்காமலும் நிற்கும். குளிர்நாட்டுப் பனிக்காலம் முதல் கொதிநீர் வரை ஒரே குழாயில் அளக்கும் வல்லமை இதனால் மனிதனுக்குக் கிடைத்தது.

1717ஆம் ஆண்டளவில் அவர் ஆம்ஸ்டர்டாமிலேயே குடியேறினார். எந்த நகரிலிருந்து தப்பி ஓடினாரோ, அதே நகரில் கருவி செய்பவராக அமர்ந்தார். மறு ஆண்டு முதல் வேதியியலிலும் இயற்பியலிலும் தம் இடத்திலேயே விரிவுரை நிகழ்த்தினார். பட்டம் எதுவும் பெறாத அவரிடம் லெய்டன் பல்கலைக்கழகத்துப் பெரும் பேராசிரியர்கள் கருவி வாங்கினார்கள். அவர்களுள் ஒருவர் ஐரோப்பாவெங்கும் புகழ்பெற்ற மருத்துவர் போர்ஹாவே. அவருக்குப் பாரன்ஹீட் பாதரசத்தில் ஒன்றும் சாராயத்தில் ஒன்றுமாக இரண்டு வெப்பமானிகள் செய்து கொடுத்தார். இரண்டும் முழுதும் ஒத்துப்போகவில்லை என்று போர்ஹாவே கண்டார். பாரன்ஹீட் குறையை மறைக்கவில்லை. வெவ்வேறு நாட்டுக் கண்ணாடிகள் சூட்டில் வெவ்வேறு விதமாக விரிவதே காரணமாகலாம் என்று ஆராய்ந்து கூறினார். இரண்டு கருவிகள் ஒத்துப்போனதால் புகழ் பெற்றவர், ஒத்துப்போகாதபோதும் அதையே ஆராய்ச்சிப் பொருளாக்கினார்.

1724ஆம் ஆண்டு அவர் வாழ்வின் சிகரம். லண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அதன் ஏட்டில் அவருடைய ஐந்து கட்டுரைகள் வெளிவந்தன. நவச்சாரக் கலவை 0, பனிக்கட்டி கலந்த நீர் 32, நலமுள்ள மனிதனின் வாய் அல்லது அக்குள் 96 என்ற மூன்று புள்ளிகளையும் அவர் அப்போது வெளியிட்டார். மழைநீர் 212இல் கொதிப்பதையும் குறித்திருந்தார்.

அக்கட்டுரைகளில் ஒன்று, நிலையான புள்ளியை அவர் எவ்வளவு எச்சரிக்கையோடு தேடினார் என்பதைக் காட்டும். காற்று நீக்கி மூடிய கண்ணாடிக் குமிழில் நீரை வைத்து இரவுக் குளிரில் விட்டார். காலையில் பார்த்தால், உறையும் அளவுக்குக் கீழே சென்றும் நீர் நீராகவே இருந்தது. குமிழின் முனையை உடைத்ததும் நீருக்குள் சட்டென்று பனி பரவிற்று. நீர் உறையத் தொடங்கும் இடம் நம்பத்தக்கதன்று என்பது இதனால் புலனாகும். பனிக்கட்டியும் நீரும் கலந்து இருக்கும்போது உள்ள வெப்பநிலையே நம்பத்தக்கது. அதுபோல, கொதிநிலை காற்றின் அழுத்தத்தோடு ஏறி இறங்குகிறது என்பதையும் அவர் கண்டு, கொதிநீரில் வெப்பமானியை வைத்தே காற்றழுத்தத்தை அறியும் கருவி ஒன்றையும் அமைத்தார். உதகமண்டலத்தில் பருப்பு வேக நேரமாவது ஏன் என்பதற்குரிய விடை இதில் இருக்கிறது.

புகழ் வந்தது, செல்வம் வரவில்லை. அவர் மணம் செய்து கொள்ளவில்லை. கடைசி ஆண்டுகளில், தாழ்ந்த நிலங்களில் தேங்கும் நீரை இறைக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்வதில் ஈடுபட்டார். கடல் மட்டத்துக்குக் கீழே வயல் வைத்திருக்கும் ஹாலந்து நாட்டாருக்கு அது பெரிதும் பயன்படக்கூடியது. அதற்கு உரிமைப் பத்திரம் பெறவே 1736இல் ஹேக் நகருக்குச் சென்றார். சென்ற இடத்தில் நோயுற்று, செப்டம்பர் 16ஆம் நாள் காலமானார். வயது ஐம்பது. பொருளற்றவர்களுக்குரிய நான்காம் வகுப்புச் சடங்குடன் அவரை அடக்கம் செய்தார்கள்.

அவர் மறைவுக்குப் பின் அவருடைய அளவு சிறிது திருத்தப்பட்டது. பனிக்கட்டிக்கு 32, கொதிநீருக்கு 212 என்ற இரண்டும் நிலையான புள்ளிகளாயின. நவச்சாரக் கலவையும் உடற்சூடும் அந்தப் பெருமையை இழந்தன. 1868இல் வுண்டர்லிக் என்ற ஜெர்மன் மருத்துவர் உடற்சூட்டின் சராசரி 37 டிகிரி செல்சியஸ் என்று வெளியிட்டார். அதைப் பாரன்ஹீட் கணக்கில் மாற்றியதால் வந்ததே நாம் அறிந்த 98.6. சுவீடன் நாட்டுச் செல்சியஸ் தம் நூறு பாக அளவை வெளியிட்டது 1742இல். இன்று உலகில் பெரும்பாலான நாடுகள் அவர் பக்கம் சென்றுவிட்டன. அமெரிக்கர் பாரன்ஹீட்டை விடவில்லை. நம் ஊர்ச் செய்தித்தாள்களும் ஜுரம் பார்க்கும் தாய்மார்களும் விடவில்லை. வெயில் சதமடித்தது என்பதற்கு விஞ்ஞானப் பொருளும் ஒன்று உண்டு. ஏறக்குறைய அந்த அளவில்தான் வெளிக்காற்று நம் இரத்தத்தைவிடச் சூடாகிறது. அதற்கு மேல் காற்று நம்மைக் குளிர்விக்காது. நம் வியர்வை ஒன்றே துணை.

இனி, அவரால் நமக்கு என்ன வந்தது என்று பார்ப்போம். சென்னையில் 1796 முதல் வானிலைக் குறிப்புகள் எழுதப்பட்டு வந்திருக்கின்றன. அந்நகரில் பதிவான உச்ச வெயில் 2003ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் அடித்த 45 டிகிரி. தாழ்ந்த குளிர் 13.9 டிகிரி, 1895 டிசம்பரிலும் 1905 ஜனவரியிலும் பதிவானது. இந்த 13.9 என்ற எண்ணை நான் பாரன்ஹீட் கணக்கில் மாற்றிப் பார்த்தேன். சரியாக 57 வந்தது. ராஜஸ்தானத்து ஆள்வாரில் 1956ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் பதிவாகி, அறுபது ஆண்டுகள் இந்தியாவின் உச்சமாக விளங்கிய 50.6ஐயும் மாற்றினேன். 123 வந்தது. பழைய ஏடுகளின் முழு எண்கள், செல்சியஸ் உடையில் பின்னங்களாக நிற்கின்றன. ஆள்வாரை வென்றது 2016ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் பலோடியில் பதிவான 51.0.

1895இல் சென்னையில் வெப்பமானியைப் பார்த்துக் குறித்தவர் இன்றில்லை. அவர் கையிலிருந்த கருவியும் இன்று பயனில் இல்லை. அளவின் பெயரும் மாறிவிட்டது. ஆயினும் அவர் குறித்த 57ஐ இன்றைய எண்ணோடு ஒப்பிட நாம் தயங்குவதில்லை. அவருடைய கருவிக்கும் நம்முடைய கருவிக்கும் நடுவே சாட்சியாக இருப்பது பனிக்கட்டி கலந்த நீர். ஒரு வட்டாரத்தின் உச்ச வெயில், தாழ்ந்த குளிர் என்று நாம் பேசுவதெல்லாம் இந்த ஒப்பந்தத்தின் மேல் நிற்கிறது.

ஒப்பந்தம் முறிந்தால் என்ன ஆகும் என்பதற்கு லிபியா நாடு சான்று. அங்கே அல் அஸீஸியா என்னும் ஊரில் 1922ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள் 58 டிகிரி பதிவாயிற்று. தொண்ணூறு ஆண்டுகள் உலகின் உச்ச வெயில் என்று பள்ளிப் புத்தகங்கள் அதைப் போற்றின. 2012இல் உலக வானிலை அமைப்பு அந்தப் பழைய ஏட்டையே எடுத்து ஆராய்ந்தது. கருவி எளிதில் தவறாகப் படிக்கக்கூடிய வகை. பார்த்துக் குறித்தவரோ பழக்கமில்லாதவர். ஏழு டிகிரி அளவுக்குப் பிழை நேர்ந்திருக்கலாம் என்று முடிவு செய்து அந்த எண்ணை நீக்கியது. பட்டம், 1913ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் அமெரிக்காவின் மரணப் பள்ளத்தாக்கில் பதிவான 56.7 டிகிரிக்குச் சென்றது. அதுவும் பாரன்ஹீட்டின் 134தான்.

இதெல்லாம் வெறும் பட்டப் போட்டி என்று நினைக்க வேண்டாம். சமவெளியில் வெயில் 40 டிகிரியைத் தொட்டு, வழக்கமான அளவைவிட 4.5 டிகிரி கூடினால் அதை வெப்ப அலை என்று நம் வானிலைத் துறை கணிக்கிறது. அந்தக் கணிப்பைப் பார்த்தே பள்ளிகள் மூடப்படுகின்றன, மருத்துவமனைகள் ஆயத்தமாகின்றன, வெயிலில் கல்லுடைப்பவருக்கும் சாலை போடுபவருக்கும் வேலை நேரம் மாறுகிறது. 4.5 டிகிரி வித்தியாசத்தில் இவ்வளவும் தொங்கும்போது, 3 டிகிரி பிழை சிறு பிழையா? கூடுதலாகக் காட்டினால் வீண் அச்சம். அடுத்த முறை எச்சரித்தால் எவரும் நம்பமாட்டார். குறைவாகக் காட்டினால் எச்சரிக்கையே வராமல் உயிர் போகும். முங்கேஷ்பூர் எண்ணைத் திருத்தியபோது எங்கள் விடுதியில் பலர் அதைக் கேலி செய்தார்கள். நானும் சிரித்தேன். இப்போது எண்ணிப் பார்க்கும்போது, நாட்டின் உச்சம் என்ற பெருமையை விட்டுக்கொடுத்து, கருவியைக் கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்த அந்தச் செயல் பாரன்ஹீட்டுக்கு உவப்பானது என்றே தோன்றுகிறது. அன்று டில்லி சப்தர்ஜங் நிலையத்தில் 46.8 பதிவாயிற்று. அந்த எண்ணே 79 ஆண்டுகளில் அந்நிலையம் காணாத வெயில். உண்மை போதுமான அளவு சுட்டது. அதற்குப் பொய்யின் துணை தேவைப்படவில்லை.

பாரன்ஹீட் புதிய விதி எதையும் கண்டுபிடித்த மேதை அல்லர். நியூட்டனுக்கு அருகே அவரை யாரும் வைக்கமாட்டார்கள். தம் கையால் செய்த இரண்டு கருவிகள் ஒரே உண்மையைச் சொல்ல வேண்டும் என்று விரும்பி, அதற்காக ஒரு வாழ்நாளைச் செலவிட்டவர் அவர். பதினைந்து வயதில் வீட்டை இழந்து, நிலையான இடமில்லாமல் அலைந்த அந்த மனிதர் உலகுக்கு நிலையான புள்ளிகளைத் தந்துவிட்டுச் சென்றார்.

இந்தக் கட்டுரையை எழுதும் என் மேசையருகே ஒரு சிறு குடுவை இருக்கிறது. ஆய்வகத்துக்குப் போனதும் முதல் வேலையாக அதில் பனிக்கட்டியும் நீரும் நிரப்பி வெப்பமானியை அதில் வைத்துப் பார்ப்பது இப்போது என் வழக்கம். விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்களே, இந்தக் கோடையிலும் நம் ஊர் வெயில் சதமடிக்கும், செய்தித்தாளில் படிப்பீர்கள். படிக்கும்போது, ஹேக் நகரில் ஏழையாக மறைந்த அந்தக் கருவிக் கலைஞரை ஒரு கணம் நினைத்துக் கொள்ளுங்கள். பிறகு, அருகில் வெயிலில் நின்று வேலை செய்பவருக்கு ஒரு சொம்பு மோர் கொடுங்கள்.